திருப்பிப் போட்ட மீன்

உடையாமல்தான் திருப்பினேன். அதில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. ஒரு கரண்டியை நடுமுள்ளுக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கரண்டியால் வால் பக்கம் தாங்கி, மெதுவாக ஒரு தூக்கு, ஒரு சாய்ப்பு, அவ்வளவுதான், ஆவியில் வெந்த முழுக் களவா மீன் தட்டில் மறுபக்கமாகப் படுத்துக்கொண்டது. ஒரு இணுக்குச் சதை சிதறவில்லை, சாறு ஒரு சொட்டு மேசையில் விழவில்லை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து வாசலில் மெஸ் நடத்துகிறவள் நான். கல்லில் கிடக்கிற மீனைப் புரட்டுவதிலேயே பாதி ஆயுசு போய்விட்டது. நாலு பேர் முன்னால் அதைச் செய்யும்போது கொஞ்சம் பெருமை வரத்தானே செய்யும். வந்தது. மேல்பக்கம் தீர்ந்து முள் தெரிகிறது, அந்த வீட்டு மனுசர் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை, விருந்தாளி என்று சும்மா உட்கார்ந்திருக்காமல் நாமும் ஒரு கை கொடுப்போம், பெண் வீட்டார் நம்மைப் பற்றி நல்லபடியாக நினைக்கட்டும் என்றுதான் திருப்பினேன். திருப்பிவிட்டு நிமிர்ந்து சிரித்தேன். மேசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். பெண்ணின் அம்மா என் கையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், பிறகு எழுந்து வந்து, தன் குச்சிகளாலேயே அந்த மீனைப் பழையபடி திருப்பி வைத்தாள். அவள் திருப்பியதில் உடைந்தது. தலை தனியாக வந்துவிட்டது. எனக்கு அப்போதும் புரியவில்லை. பாவம், இவளுக்கு மீன் திருப்பத் தெரியவில்லையே என்றுதான் நினைத்தேன்.

இப்போது புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய, படகு கிளம்பிவிட்டது. படகு என்றால் நம் ஊர்ப் படகு இல்லை, இரண்டு மாடி, கண்ணாடி ஜன்னல், வரிசை வரிசையாக நாற்காலி, பஸ் மாதிரி ஆட்கள் ஏறி உட்கார்ந்து தூங்குகிறார்கள். ஏசிக் குளிர் கணுக்காலில் ஏறுகிறது. சேலையைக் காலோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அந்த அம்மா கொடுத்த கருவாட்டுப் பொட்டலம். பக்கத்தில் என் மகன் மெல்டன், ஒரே மகன், இந்த ஹாங்காங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், கா யான் என்கிற அந்தத் தீவுப் பெண்ணைக் கட்டிக்கொள்வதற்காக என்னைத் தூத்துக்குடியிலிருந்து விமானம் ஏற்றிக் கூட்டி வந்தவன், ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஃபோனில் ஒன்றும் வரவில்லை. கட்டைவிரல் சும்மா இருப்பதிலேயே தெரிகிறது. படகுத்துறையில் வைத்துத்தான் வாயைத் திறந்தான். "யம்மா, இவங்க தலமுற தலமுறயாப் படகுக்காரங்க. சாப்பிடுற மீனத் திருப்பக் கூடாது. திருப்புனா படகு கவுந்துரும்னு அவங்களுக்கு." "முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானல?" "நீ திருப்புவேன்னு நான் என்னத்தக் கண்டேன்? விருந்துக்கு வந்தவங்க எங்கயாச்சும் மீனத் திருப்பி வைப்பாங்களா?" வைக்க மாட்டார்கள்தான். மெஸ்காரிதான் வைப்பாள். அப்படியானால் அடிப்பக்கத்தை எப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். நடுமுள்ளை அப்படியே தூக்கி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கீழே இருப்பதைச் சாப்பிடுவார்களாம். ஒரு முள். அதைத் தூக்கியிருந்தால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். முள்ளைத் தூக்கவும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே லாமா தீவின் மூன்று புகைபோக்கிகள் பின்னால் போகின்றன. அனல்மின் நிலையமாம். காலையில் வரும்போது அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் தாண்டி, மலை தாண்டி இத்தனை தூரம் வந்து பார்த்தால் இங்கேயும் நம் ஊரில் இருக்கிற அதே புகைபோக்கி, அதே உப்புக் காற்று. நான் வந்த நாளிலிருந்து மெல்டன் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறான். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற வீடுகள் உள்ள ஊர் ஒன்று, தாய் ஓ என்று பெயர், அங்கே தெருவெல்லாம் கூனி இறாலை அரைத்துக் காயப் போட்டிருக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள், எனக்கு மட்டும் பசித்தது. கார் இல்லாத தீவு ஒன்று. மக்காவ் என்று இன்னொரு ஊர், போர்த்துகீசியர் கட்டிய கோயில் அங்கே எரிந்துபோய் முன்சுவர் மட்டும் நிற்கிறது, பின்னால் ஆகாயம். நம் ஊருக்கும் வந்தவர்கள்தானே அவர்கள், நமக்கு பெர்னாண்டோ என்று பெயர் வைத்துவிட்டுப் போனவர்கள், அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன், சுவருக்குச் சொன்னதாகத்தான் கணக்கு. பிறகு இந்த நகரம். இதற்குள் நடந்தால் கழுத்து வலிக்கிறது. மாடிக்கு மேல் மாடி, ஜன்னலுக்கு மேல் ஜன்னல், எல்லா ஜன்னலிலும் துணி காய்கிறது. எல்லா இடத்திலும் நான் ஒன்றைத்தான் பார்த்தேன், மெல்டன் காட்டியதை இல்லை, மெல்டனின் கையை. உள்ளங்கையில் காய்ப்பு. கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்கு எப்படி வரும் காய்ப்பு? மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன். சனிக்கிழமைதோறும் லாமாவுக்குப் போகிறானாம், கா யானின் அப்பா கடலுக்குள் மிதவை போட்டு மீன் வளர்க்கிறார், அதில் ஏறித் தீவனம் போடுகிறானாம், வலை மாற்றுகிறானாம், கயிறு இழுக்கிறானாம். நீந்தக் கற்றுக்கொண்டானாம். அந்தப் பெண்தான் கற்றுக்கொடுத்தாளாம். அன்றைக்கு இரண்டு வேளை சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடலுக்குள் கால் வைக்கக் கூடாது என்றுதானே அவனை நான் வளர்த்தேன். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள், சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டேன். கப்பல் படிப்பு வேண்டாம், துறைமுக வேலை வேண்டாம், தரையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எதுவோ அதைப் படி என்று படிக்க வைத்தேன். அவன் அப்பா செலஸ்டின் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனவர். மெல்டன் அப்போது நாலாம் வகுப்பு. மூன்று பேர் போனார்கள், காற்று மாறியது, வள்ளம் கவிழ்ந்தது, இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இவர் சேரவில்லை. இதைச் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது, வருஷம் போகப் போக அழுகை குறைந்து வார்த்தை மட்டும் நின்றுவிட்டது. ஆனால் இன்றைக்கு அதைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. காலையில் இதே படகில், இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மெல்டன் மென்று முழுங்கிச் சொன்னான். "ம்மா, அப்பா எப்படின்னு கேட்டாங்கன்னா நெஞ்சுவலின்னு சொல்லிரு. நானும் கா யானும் பேசித்தான் அப்படிச் சொல்லி வச்சிருக்கோம். கடல்ல போன வீட்டுப் பையன்னு தெரிஞ்சா அவ அப்பா யோசிப்பாரு. அவரு அண்ணனே அப்படித்தான் போயிருக்காரு." சரி என்றேன். செலஸ்டினுக்கு நெஞ்சுவலி வந்ததே கிடையாது. குடித்தாலும் சரி, புகைத்தாலும் சரி, அவர் நெஞ்சு கல் மாதிரி இருந்தது. கடைசியில் கடல் கொண்டுபோன ஆளை மகன் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டான்.

கேட்கவும் செய்தார்கள். மீன் வருவதற்கு முன்னால், நான் கொண்டுபோன மக்ரூன் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்ட பிறகு. கா யானின் அப்பாவுக்கு மக்ரூன் ரொம்பப் பிடித்துவிட்டது, வாயில் கரைந்ததும் ஒரு குழந்தை மாதிரி கண்ணை அகல விரித்தார், இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டார். நல்ல மனுசன். கறுத்து, ஒடிசலாக, காது ஓரம் வெயில் உரிந்த தோலோடு, நம் துறைமுகத்தில் லுங்கி கட்டி நிறுத்தினால் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பொண்ணைக் கொடுப்பதில் அவருக்குச் சம்மதம் என்று முகத்திலேயே தெரிந்தது. மெல்டனிடம் பேசும்போது தோளைத் தட்டித் தட்டிப் பேசினார். அவர்தான் கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் ரொம்ப நாள் கஷ்டப்பட்டாரா என்று. மெல்டன் அதைத் தமிழில் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்ல, சீக்கிரமா முடிஞ்சிட்டு" என்றேன். அது ஒன்றும் பொய் இல்லை. கா யானின் அம்மா, சம்பந்தியம்மா, இன்னும் ஆகவில்லை, ஆகுமா என்றும் இப்போது தெரியவில்லை, ஆனாலும் மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவள் என் கைமேல் கை வைத்தாள். சொரசொரப்பான கை. ஈரம் காயாத கை. நான் பொய்க்குத் துணை போனது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது, சொன்னபோது உறைக்கவில்லை, அவள் தொட்டபோது உறைத்தது. அதற்குப் பிறகுதான் மீன் வந்தது. தலை என் பக்கம் இருக்கும்படி வைத்தார்கள், அது மரியாதையாம்.

வள்ளம் கவிழ்ந்த வீட்டுக்காரி, படகுக்காரன் வீட்டு மேசையில் உட்கார்ந்து, அவன் படகைக் கவிழ்த்துவிட்டு, நிமிர்ந்து சிரித்திருக்கிறேன். வேண்டாம், இதையே நினைக்காதே. வெளியே பார். சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன, காலையில் பார்த்ததைவிட நிறைய நிற்கின்றன. வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, ஒரு மேகம் இல்லை, தூரத்து மலையில் மரம் மரமாகத் தெரிகிறது. இவ்வளவு சுத்தமாக இருப்பது நல்லதுக்கு இல்லை. இங்கேயும் நம் ஊர் மாதிரியே புயலுக்கு எண் சொல்கிறார்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று, இங்கே கூண்டு இல்லை, பலகையில் வருகிறது, எல்லாருடைய ஃபோனிலும் வருகிறது. காலையில் ஒன்று என்று இருந்தது. சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தால் மூன்று. நாளைக்கு எட்டு போடுவார்களாம், எட்டு போட்டால் கடை கிடையாது, ஆபீஸ் கிடையாது, படகு கிடையாது. அதனால்தான் இன்றைக்கு மெல்டன் அங்கேயே தங்குவதாக இருந்தது. மிதவையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும், மீன் வளர்க்கிற வலைகளை மூட வேண்டும், இரண்டு ஆள் வேலை. என்னைக் கா யான் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள், மெல்டன் அவள் அப்பாவோடு மிதவைக்குப் போவான். அப்படித்தான் பேச்சு. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் சம்பந்தம் பேச வந்த இடத்தில் எப்படி வேண்டாம் என்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது மெல்டன் என் பக்கத்தில் இருக்கிறான். கா யான் வீட்டிலேயே நின்றுவிட்டாள். நான் எது வேண்டாம் என்று நினைத்தேனோ அது நடக்கவில்லை. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்.

சந்தோஷமாக இல்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது அந்த மனுசன் மெல்டனிடம் ஏதோ சொன்னார். கொஞ்ச வார்த்தைதான். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாக, தரையைப் பார்த்துச் சொன்னார். கா யானுக்கு முகம் மாறியது. மெல்டன் தலையை ஆட்டினான். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. சாப்பாடு நன்றாக இருந்ததா என்பதைக்கூட எனக்கு மாற்றிச் சொன்ன பிள்ளை அதை மட்டும் சொல்லவில்லை. பொண்ணு கிடையாது என்றாரா? இனிமேல் வீட்டுப் பக்கம் வராதே என்றாரா? அப்படியென்றால் அவர் பொண்டாட்டி ஏன் கருவாட்டைக் கட்டிக் கொடுக்கிறாள்? இரண்டு கையாலும் கொடுத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நெத்திலி மாதிரி ஏதோ ஒன்று, நம் நெத்திலியைவிடப் பெரிசு, உப்பு குறைவு. வெறுப்பவள் கருவாடு கொடுப்பாளா? பயந்தவள் கொடுப்பாள். செலஸ்டின் போவதற்கு முந்தின வாரம் எங்கள் தெருவில் ஒரு கிழவி வந்து யார் வீட்டு வாசலிலோ காறித் துப்பினாள் என்று அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினார்கள். அவள் சாபம் பலித்துவிடுமோ என்ற பயத்தில்தான் போட்டார்கள். அவள் கண்ணும் இந்த அம்மாவின் கண் மாதிரித்தான், இல்லை, போட்டவர்கள் கண்தான் இந்த அம்மாவின் கண் மாதிரி இருந்தது. நான் இப்போது அந்தக் கிழவி.

"ஏல, வாசல்ல அந்த மனுசன் என்ன சொன்னாரு?" மெல்டன் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணுமில்லம்மா." "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு அந்தப் புள்ள மூஞ்சி அப்படிப் போச்சி?" ஃபோனை மடியில் வைத்தான். இஞ்சின் சத்தம் இருக்கைக்கு அடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. பிறகு சொன்னான். "உங்க அம்மாவக் கூட்டிட்டு நீ போ, மிதவைய நான் ஒத்தையாப் பாத்துக்கிறேன்னாரு." "ஒத்தையாவா?" "ஆமா. இன்னைக்கு என்கூட யாரும் ஏற வேண்டாம்னாரு. கா யான் வாரேன்னா, அவளையும் வேண்டாம்னுட்டாரு." மறுபடி ஃபோனைப் பார்த்தான். "அவருக்கு என் மேல கோவம்லாம் இல்லம்மா. அந்த மீனு... கவுந்தா அவரோட போவட்டும்னு நெனக்காரு. கல்யாணம் பத்தி ஒண்ணும் சொல்லல. புயல் போவட்டும், பேசிக்கலாம்." அவன் சொல்லி முடித்துவிட்டான். எனக்கு முடியவில்லை. கவுந்தா அவரோட போவட்டும். நான் போட்ட மீன். என் கையால், உடையாமல், சிரித்துக்கொண்டே போட்ட மீன். அதற்காக ஒரு மனுசன் இரண்டு ஆள் வேலைக்குத் தனியாகப் போகிறான், என் மகனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று போகிறான். என் பிள்ளையைத் தள்ளி வைத்து என்னோடு அனுப்பியிருக்கிறான்.

ஒரு மீனைத் திருப்பியதால் மிதவை கவிழாது. இது எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? செலஸ்டின் போன அன்றைக்கு ஒரு தப்பும் நடக்கவில்லை. அவர் கிளம்பும்போது நான் எங்கே போறீர் என்று கேட்கவில்லை, கடலுக்குப் போகிற ஆளை அப்படிக் கேட்கக் கூடாது, கேட்டதே இல்லை. போகிறேன் என்று அவர் சொல்லவில்லை, வாரேன் என்றுதான் சொன்னார். குருசடிச் சிலுவைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். விளக்கு வைத்த பிறகு தலை சீவவில்லை, உப்பை யாருக்கும் கைமாற்றவில்லை. வள்ளத்துக்குத் திருவிழாவன்று சாமியார் தீர்த்தம் தெளித்திருந்தார். அத்தனையும் ஒழுங்காகச் செய்திருந்தோம், வள்ளம் கவிழ்ந்தது. பிறகு நான் உட்கார்ந்து தேடினேன், எத்தனை நாள் தேடினேன், எங்கே தப்பு, எந்த வார்த்தை, எந்த நேரம், யார் குறுக்கே வந்தது என்று. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு தப்பாவது கிடைத்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். அந்த அம்மாவுக்கு இப்போது கிடைத்துவிட்டது. அவள் புருஷன் திரும்பி வருகிற வரைக்கும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, காற்றைக் கேட்டுக்கொண்டு, என் கரண்டியையும் என் சிரிப்பையும் நினைத்துக்கொண்டிருப்பாள். அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தாலும் அடுத்த காற்றுக்கு மறுபடி நினைப்பாள். அவளுக்கு அது தேவையில்லை என்று சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருக்கிறாள், அந்த ஒருத்தியோ தன் புருஷன் நெஞ்சுவலியில் செத்ததாகச் சொல்லிவிட்டு ஏசிப் படகில் உட்கார்ந்து நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

கட்டடங்கள் பெரிதாகிவிட்டன. கண்ணாடிக் கட்டடங்களின் மேல் மாலை வெயில் பட்டுத் தண்ணீரில் அடிக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? கடல்ல போன வீடு. பொய் சொன்ன வீடு. மீனைக் கவிழ்த்த வீடு. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்தத் தகப்பன் பொண்ணைக் கொடுப்பான்? மெல்டன் அவளை எப்படிப் பார்க்கிறான் என்பதைச் சாப்பாட்டு மேசையில் நான் பார்த்தேன். தன் கிண்ணத்தில் இருந்த இறாலைத் தோலுரித்து அவள் கிண்ணத்தில் வைத்தான், வைத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை, பேச்சு வேறு பக்கம் இருந்தது. செலஸ்டின் எனக்கு நண்டை உடைத்து வைப்பார். இவனுக்கு அது ஞாபகம் இருக்குமோ என்னவோ. இதை நான் கெடுக்கப் போகிறேனா? பேசாமல் இருந்தால் புயல் போகும், அவர் பாட்டுக்குக் கயிறு கட்டிவிட்டு வருவார், எத்தனை புயல் பார்த்தவர், அடுத்த மாதம் மறுபடி மக்ரூனோடு வந்து பேசலாம். பேசாமல் இருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை, அவர் திரும்பி வந்தால். வந்தால். இந்த ஒரு வார்த்தையில் போய்த்தான் புடவை முள்ளில் மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். கயிறு கட்ட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனை அந்தத் தண்ணீருக்கு நானே கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

படகு துறையில் இடித்து நின்றது. கயிறு வீசினார்கள், பலகை இறங்கியது, எல்லாரும் எழுந்தார்கள். மெல்டனும் எழுந்தான். நான் எழவில்லை. "ஏல, இதே படகு திரும்பி அங்க போவுமா?" "போவும். எங்கம்மா?" எங்கே என்று கேட்கிறான். கேட்கக் கூடாது என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை, கடலுக்குப் போகாத பிள்ளைக்கு எதற்கு அது என்று விட்டுவிட்டேன். "அந்த வீட்டுக்குத்தான்." "ம்மா, எட்டு போட்டுட்டா திரும்ப முடியாது. அங்கயே மாட்டிக்குவோம்." "மாட்டிக்கத்தான் போறேன். நீ அந்த மனுசன் கூடப் போயி கயிறு கட்டு. நான் அந்தம்மா கூட இருக்கேன்." அவன் உட்கார்ந்துவிட்டான். என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீயாம்மா சொல்லுத?" "நான்தான் சொல்லுதேன். உங்க அப்பா எப்படிப் போனாருன்னு அவங்ககிட்டச் சொல்லப் போறேன். கூட்டாம கொறைக்காம நீ அப்படியே சொல்லணும்." "சொன்னா முடிஞ்சிரும்மா." "முடிஞ்சா முடியட்டும்ல. என் கையால போட்ட மீன நெஞ்சில வச்சிக்கிட்டு அந்த மனுசன் ஒத்தையாத் தண்ணிக்குள்ள போவக் கூடாது." இதைச் சொல்லும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவனுக்கு ஒரு நல்லது நடக்க இருந்தது, அதைத் தூக்கி வைத்து ஆட்டிப் பார்க்கிறேன், பெற்றவள் செய்கிற வேலையா இது. துடைத்துக்கொண்டேன். இறங்கி, மறுபடி டிக்கெட் கருவியில் அட்டையைத் தட்டி, அதே படகில் அதே வரிசையில் வந்து உட்கார்ந்தோம். இந்தத் தடவை கூட்டம் அதிகம், தீவுக்காரர்கள் எல்லாரும் புயலுக்கு முன்னால் வீட்டுக்குப் போகிறார்கள், ஆளாளுக்கு அரிசியும் தண்ணீர் கேனும் வைத்திருந்தார்கள்.

படகு துறையை விட்டு விலகிய பிறகு மெல்டன் மெதுவாகச் சொன்னான். "ம்மா, ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது." "என்ன வார்த்த?" "கவுந்ததுக்கு. இவங்க பாஷையில அதுக்கு என்னன்னு தெரியாது. அந்த வீட்டுல யாரும் அதச் சொல்லி நான் கேட்டதில்ல." சொல்லியிருக்க மாட்டார்கள். செலஸ்டின் இருந்தவரை எங்கள் வீட்டிலும் சொன்னதில்லை, தோசையைக்கூட மாற்றிப் போடு என்றுதான் சொல்வோம். "அந்தப் புள்ளகிட்டக் கேளு." "அவகிட்ட அத எப்படிம்மா கேப்பேன்?" அதுவும் சரிதான். மடியில் இருந்த கருவாட்டுப் பொட்டலத்தின் மேல் வலது கையை மல்லாக்க வைத்துப் பார்த்தேன். இது வள்ளம். குப்புறத் திருப்பினேன். இது போதும், இதற்கு பாஷை வேண்டாம், பார்க்கிற யாருக்கும் புரியும். எதிர் நாற்காலியில் இருந்த பெரியம்மா ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு, புரிந்தது போலத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன். கவிழ்ந்ததை நான் காட்டிவிடுவேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் மீனைத் திருப்பவில்லை என்பதைத்தான் கையால் காட்ட முடியாது, அதை மெல்டன்தான் சொல்ல வேண்டும். "அதுக்கு வார்த்தை தெரியுமால?" என்றேன். யோசித்தான். மீன் தெரியும், யாரும் என்பது தெரியும், இல்லை என்பதும் தெரியும், திருப்புவதை உன் கையே காட்டட்டும் என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.